19-இல் இருந்து 28 வரை: என் உடம்பில் கொழுப்பு எவ்வளவுதான் டாக்டர்?

கேள்வி: டாக்டர், எனக்கு 36 வயது. மண்டபம் பக்கம், விசைப்படகில் தொழில். எட்டு வருடம் வெளிநாட்டில் டிரைவராக இருந்துவிட்டு மூன்று வருடத்துக்கு முன்னால் ஊருக்கு வந்தேன். உயரம் 168 செ.மீ., எடை 71 கிலோ. கை கால் எல்லாம் ஒல்லி, வயிறு மட்டும் தள்ளிக்கொண்டு நிற்கிறது. கொழுப்பு சதவீதம் காட்டும் எடை மெஷின் ஒன்றை மச்சான் ஆன்லைனில் வாங்கித் தந்தார். காலையில் ஏறினால் 28.4 காட்டுகிறது, கடலில் இருந்து வந்த கையோடு ஏறினால் 25. ராமநாதபுரத்தில் ஜிம்மில் கையில் பிடிக்கிற மெஷினில் 22. அதே ஜிம்மில் மாஸ்டர் இடுக்கி மாதிரி ஒன்றை வைத்துத் தோலைப் பிடித்துப் பார்த்து, "19தான், உங்களுக்கு ஒன்றும் இல்லை" என்றார். கழுத்து 38, இடுப்பு 89 என்று நெட்டில் போட்டால் 21 வருகிறது. எதை நம்புவது? மதுரை போய் டெக்சா ஸ்கேன் எடுத்தால் சரியாகத் தெரியுமா? அப்பாவுக்கு 45 வயதிலேயே சர்க்கரை வந்துவிட்டது, அந்தப் பயத்தில்தான் கேட்கிறேன். அம்மாவும் இந்த மெஷினில்தான் தினமும் எடை பார்க்கிறார். போன வருடம் அவருக்கு பேஸ்மேக்கர் வைத்தார்கள், எடையைக் கவனிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

பதில்: தம்பி, நீங்கள் கடைசி வரியில் எழுதியதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அம்மா இன்றிலிருந்து அந்த மெஷினில் ஏற வேண்டாம். அந்த மெஷின் ஒரு காலில் மின்சாரத்தை அனுப்பி இன்னொரு காலில் வாங்குகிறது. மிகச் சின்ன மின்சாரம்தான், உங்களுக்கும் எனக்கும் உணர்வுகூடத் தெரியாது. ஆனால் பேஸ்மேக்கர் இதயத்தின் சின்னச் சின்ன மின்துடிப்புகளைக் கவனித்து வேலை செய்கிற கருவி, அது குழம்ப இடம் கொடுக்கக் கூடாது. மெஷினோடு வந்த தாளை எடுத்துப் பாருங்கள், பேஸ்மேக்கர் உள்ளவர்கள் பயன்படுத்தக் கூடாது என்று பெரும்பாலும் அதிலேயே போட்டிருக்கும். எடையைக் கவனிக்கச் சொன்னது நல்ல ஆலோசனை, அதை விட வேண்டாம். முள் சுற்றுகிற சாதாரண எடை மெஷின் போதும். மூன்று நாளுக்குள் இரண்டு கிலோ ஏறினால் உடம்பில் நீர் சேர்கிறது என்று வைத்துக்கொண்டு, காத்திருக்காமல் இதய டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

இனி உங்கள் கணக்கு. 71 கிலோவில் 19 சதவீதம் என்றால் பதின்மூன்றரை கிலோ கொழுப்பு. 28.4 என்றால் இருபது கிலோ. நடுவில் ஏழு கிலோ வித்தியாசம், நல்ல பெரிய சீலா ஒன்றின் எடை! ஒரே உடம்பில் இவ்வளவு இடைவெளி எப்படி வந்தது என்று நீங்கள் கேட்டதில் தப்பே இல்லை.

உயிரோடு இருக்கிற மனிதனின் கொழுப்பை நேரடியாக எடை போட வழியே கிடையாது. அப்படிப் பிரித்து எடை போட்டது இறந்தவர்களின் உடலில் மட்டும்தான். பெல்ஜியத்தின் பிரசெல்ஸில் 25 சடலங்களைத் தோல், கொழுப்பு, தசை, எலும்பு என்று பிரித்து எடை போட்டு, 1984-இல் அதன் விவரங்களை வெளியிட்டார்கள். மற்றபடி இன்றைக்கு உலகத்தில் இருக்கிற எல்லா முறையும் வேறு எதையோ அளந்து, அதிலிருந்து கொழுப்பைக் கணக்குப் போட்டுச் சொல்கிறவைதான். ஒன்று மின்தடையை அளக்கிறது, ஒன்று தோல் மடிப்பின் கனத்தை, ஒன்று சுற்றளவை, ஒன்று எக்ஸ்ரே எவ்வளவு ஊடுருவுகிறது என்பதை. யாரும் பொய் சொல்லவில்லை, ஆளுக்கொரு பொருளை அளந்துவிட்டு எல்லாரும் அதற்கு ஒரே பெயரை வைக்கிறார்கள்.

உங்களுக்குச் சட்டென்று புரிகிற முறையில் இருந்து தொடங்குகிறேன். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் சங்கு குளிக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், ஒல்லியாக முறுக்கேறிய உடம்புக்காரர் சீக்கிரம் அடியில் இறங்கிவிடுவார், சதைப்பிடிப்பானவரைக் கடல் மேலே தள்ளும் என்பார்கள். கொழுப்பின் அடர்த்தி ஏறக்குறைய 0.9, கொழுப்பில்லாத மற்ற உடம்பின் அடர்த்தி 1.1. தண்ணீர் இரண்டுக்கும் நடுவில் 1. அதனால் ஒருவரைத் தண்ணீருக்குள் முழுசாக இறக்கி எடை பார்த்தால் அவர் உடம்பின் அடர்த்தி தெரிந்துவிடும், அடர்த்தி தெரிந்தால் கொழுப்பு தெரிந்துவிடும். 495-ஐ அடர்த்தியால் வகுத்து 450-ஐக் கழி என்பது 1961-இல் சிரி என்பவர் கொடுத்த சூத்திரம், இன்றைக்கும் அதுதான் ஓடுகிறது. ரொம்ப காலம் மற்ற எல்லா முறைகளையும் இதோடுதான் ஒப்பிட்டுச் சரிபார்த்தார்கள். சரி, இதிலாவது பிசகு இல்லையா என்றால், இருக்கிறது. மூச்சை இழுத்துக்கொண்டால் மிதப்போம், விட்டால் அமிழ்வோம் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூச்சை முழுக்க விட்ட பிறகும் நுரையீரலில் ஒரு லிட்டருக்கு மேல் காற்று நிற்கும். உங்கள் எடைக்கு அந்தக் காற்றை அரை லிட்டர் தப்பாகக் கணக்கிட்டால் கொழுப்பு மூன்றரை சதவீதம் மாறிவிடுகிறது, நானே போட்டுப் பார்த்தேன். அதோடு எல்லாருடைய எலும்பும் தசையும் ஒரே அடர்த்தி என்று சூத்திரம் எடுத்துக்கொள்கிறது, அதுவும் முழுக்க உண்மை இல்லை. தண்ணீருக்குப் பதிலாகக் காற்றடைத்த கூண்டுக்குள் உட்கார வைக்கிற பாட் பாட் என்ற கருவியும் இதே கணக்குத்தான். இரண்டுமே ஆராய்ச்சிக்கூடச் சமாச்சாரம், நமக்கு எட்டாது. மற்ற முறைகளை எடைபோட ஒரு அளவுகோல் வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு சொன்னேன்.

இப்போது உங்கள் வீட்டு மெஷின். கொழுப்பில் நீர் மிகக் குறைவு, மின்சாரம் எளிதில் ஓடாது. தசையில் நீர் அதிகம், நன்றாக ஓடும். மெஷின் அந்தத் தடையை மட்டும்தான் அளக்கிறது, அதிலிருந்து உடம்பில் நீர் எவ்வளவு என்று கணித்து, கொழுப்பில்லாத உடம்பில் 73 சதவீதம் நீர் என்ற பொதுக்கணக்கை வைத்து மிச்சத்தைக் கொழுப்பு என்று எழுதுகிறது. ஆக, நீரில் எது மாறினாலும் "கொழுப்பு" மாறும். இரவு முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் காலையில் காய்ந்த பாதத்தோடு ஏறுகிறீர்கள். வெறுங்காலோடு மணலிலும் படகிலும் நடந்து தடித்துப்போன பாதம் வேறு, அந்தத் தோலே மின்சாரத்தைத் தடுக்கும். தடை கூடுகிறது, 28.4. கடலில் இருந்து வரும்போது தோல் சூடாக இருக்கிறது, பாதத்தில் உப்பும் ஈரமும். மின்சாரம் சுலபமாக ஓடுகிறது, 25. ஒரு ராத்திரி கடலில் வலை இழுத்து மூன்றரை சதவீதம் கொழுப்பை, அதாவது இரண்டரை கிலோவை, யாராலும் கரைக்க முடியாது தம்பி.

இன்னொன்றும் செய்து பாருங்கள். செட்டிங்கில் போய் வயதை 36-க்குப் பதிலாக 56 என்று மாற்றி உடனே ஏறுங்கள், கொழுப்பு கூடும். விளையாட்டு வீரர்களுக்கான அத்லெட் மோட் என்று ஒன்று இருந்தால் அதைப் போட்டு ஏறுங்கள், சட்டென்று சில சதவீதம் இறங்கும். உடம்பு அதேதான், மின்தடையும் அதேதான். காட்டுகிற எண்ணில் பெரும்பங்கு நீங்கள் தட்டிக் கொடுத்த வயதும் உயரமும், மெஷின் பார்த்த எடையும்தான், காலில் இருந்து எடுக்கிற தகவல் கொஞ்சம்தான் என்பது அப்போது கண்ணுக்கே தெரியும்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது, உங்கள் மாதிரி ஆளுக்கு அதுதான் முக்கியம். மெல்லிய குழாயில் தண்ணீர் சிரமப்பட்டு ஓடும், அகலமான குழாயில் தடையில்லாமல் ஓடும். மின்சாரத்துக்கும் அப்படியே. கை கால்கள் மெல்லிய நீளக் குழாய்கள், நெஞ்சும் வயிறும் ஒரு பெரிய பீப்பாய். உடம்பு எடையில் பாதி நடு உடம்பில்தான் இருக்கிறது, ஆனால் மொத்த மின்தடையில் அதன் பங்கு பத்து சதவீத அளவுக்குத்தான் வரும். காலில் இருந்து காலுக்கு ஓடும் வீட்டு மெஷின் பெரும்பாலும் உங்கள் காலைப் படிக்கிறது. ஜிம்மில் கையில் பிடித்தது உங்கள் கையைப் படிக்கிறது. அங்கே வந்தது 22. நீங்கள் பயப்படுகிற வயிற்றை இரண்டுமே சரியாகப் பார்க்கவில்லை.

இந்த வகை மெஷின்கள் நூறு பேருடைய சராசரியைச் சொன்னால் ஓரளவு சரியாக இருக்கும், தனி ஒருவருக்கு ஐந்து சதவீதம்வரை தப்புவது சாதாரணம், அதைத் தாண்டுவதும் உண்டு. இதை நான் வலியுறுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பல வருடத்துக்கு முன் பாம்பன் பக்கம் ஒரு முகாமில் இப்படி ஒரு மெஷினை வைத்து நானே அளந்தேன். விரலில் துணி சுற்றிக்கொண்டு கடலுக்குள் பாசி எடுக்கிற ஒரு அக்கா ஏறினார், பாறையிலும் பவளத்திலும் அடிபட்டு மரத்துப்போன பாதம். முதலில் எரர் என்று வந்தது, மறுபடி ஏறச் சொன்னேன், 41 என்று காட்டியது. ஒடிசலான உடம்பு அவருக்கு. அந்தத் தாளை அப்படியே கையில் கொடுத்து அனுப்பிவிட்டேன். இரண்டு மாதம் கழித்து வேறு எதற்கோ வந்தபோது, "பாதி உடம்பு கொழுப்புன்னு சொன்னீங்களே" என்று ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தியிருந்தார். ரத்தம் பார்த்தால் ஹீமோகுளோபின் எட்டுக்குக் கீழே. காலையில் இருந்து மாலைவரை கடலுக்குள் முங்கி எழுகிற பெண், மெஷின் போட்ட ஒரு தப்புக் கணக்குக்காகப் பட்டினி கிடந்திருக்கிறார். அன்றைக்கு நான் பட்ட வருத்தம் இன்னும் போகவில்லை. அதற்குப் பிறகு யாருக்கும் வெறும் சதவீதத்தை மட்டும் எழுதிக் கையில் கொடுப்பதில்லை.

இடுக்கிக்கு வருவோம். கேலிப்பர் என்பது அதன் பெயர். நல்ல முறைதான், பழகின கைக்கு. கிளாஸ்கோ நகரில் 481 ஆண் பெண்களைத் தண்ணீருக்குள்ளும் எடை போட்டு, நான்கு இடத்தில் தோலையும் அளந்து டர்னின், வோமர்ஸ்லி என்ற இரண்டு பேர் 1974-இல் கொடுத்த அட்டவணையை இன்றுவரை பயன்படுத்துகிறோம். தேர்ந்தவர் அளந்தாலே மூன்று நான்கு சதவீதம் முன்னே பின்னே போகும். ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தாலும், தசையையும் சேர்த்துக் கிள்ளினாலும் எண் மாறும். அந்த மாஸ்டர் எத்தனை இடத்தில் பிடித்தார் என்று நீங்கள் எழுதவில்லை. எத்தனை இடமானாலும், கேலிப்பர் தோலுக்கு அடியில் இருக்கிற கொழுப்பைத்தான் பிடிக்கும். குடலையும் ஈரலையும் சுற்றிப் படிந்திருக்கும் உள்கொழுப்பைப் பிடிக்க அதற்கு வழி இல்லை. சர்க்கரைக்கும் இதயத்துக்கும் அதிகம் கெடுதல் செய்வது அதுதான். கிளாஸ்கோக்காரர்களுக்குத் தோலுக்கடியில் இவ்வளவு இருந்தால் மொத்தம் இவ்வளவு இருக்கும் என்ற கணக்கு, ஒல்லிக் கையும் உருண்ட வயிறுமாக இருக்கும் நமக்கு அப்படியே பொருந்தாது. "19தான், ஒன்றும் இல்லை" என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. உங்கள் பட்டியலிலேயே எனக்கு அதிகம் கவலை தருவது அந்த 19தான், ஏனென்றால் அது உங்களைச் சும்மா இருக்கச் சொல்கிறது.

கழுத்தையும் இடுப்பையும் டேப்பால் அளந்து நீங்கள் நெட்டில் போட்டுப் பார்த்தது அமெரிக்கக் கடற்படைச் சூத்திரம், 1984-இல் வந்தது. பணச்செலவில்லாத முறைகளில் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அதாவது வயிற்றைப் பார்க்கிறது. ஆனால் 89 என்பதை எந்த இடத்தில் அளந்தீர்கள்? கைலி கட்டுகிற இடத்தில் என்றால் அது வயிற்றுக்குக் கீழே. அந்தச் சூத்திரத்துக்குத் தொப்புள் நேருக்கு அளக்க வேண்டும். மூச்சை இயல்பாக விட்டு, வயிற்றை எக்காமல், டேப் தோலைத் தொடுகிற மாதிரி, அழுத்தாமல். நீங்கள் சொல்கிற உடம்பு வாகுக்கு அங்கே 94 வரும் என்பது என் யூகம். 94 என்று போட்டால் விடை 21 இல்லை, 24.7. இடம் மாறி அளந்ததால் ஐந்து சென்டிமீட்டர் குறைந்ததில் மூன்றரை சதவீதம் மறைந்துபோகிறது.

டெக்சா. இரண்டு விதச் சக்தியுள்ள எக்ஸ்ரேயை உடம்பு முழுக்க ஓடவிட்டு எலும்பு, கொழுப்பு, மற்றது என்று பிரிக்கிறது. கதிர்வீச்சு மிகக் குறைவு, மார்பு எக்ஸ்ரேயைவிடக் குறைவு. நமக்கு எட்டுகிற முறைகளில் இதுதான் நம்பகமானது, கை கால் வயிறு என்று தனித்தனியாகவும் சொல்லும். அதிலும் இரண்டு மூன்று சதவீதம் பிசகு உண்டு, ஒரு கம்பெனி மெஷினும் இன்னொரு கம்பெனி மெஷினும் ஒரே ஆளுக்கு வேறு வேறு எண் கொடுக்கும். அதனால் திரும்ப எடுப்பதானால் அதே இடத்தில், அதே மெஷினில்தான் எடுக்க வேண்டும். மதுரையில் இருப்பவை பெரும்பாலும் எலும்புத் தேய்மானம் பார்ப்பதற்காக வைத்தவை, முழு உடல் கொழுப்பு பார்க்கும் வசதி இருக்கிறதா என்று போனில் கேட்காமல் பஸ் ஏற வேண்டாம். என்னைக் கேட்டால் உங்களுக்கு இப்போது டெக்சா தேவையில்லை. 26 என்று வந்தாலும் 24 என்று வந்தாலும் நான் சொல்லப்போவது ஒன்றுதான்.

அது என்னவென்று சொல்வதற்கு முன், 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஒரு படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். புனேயைச் சேர்ந்த யாஞ்ஞிக் என்ற டாக்டரும் லண்டனைச் சேர்ந்த யுட்கின் என்ற டாக்டரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பி.எம்.ஐ. இரண்டு பேருக்கும் 22.3, அச்சாக ஒரே எண். டெக்சாவில் பார்த்தால் லண்டன்காரருக்கு 9.1 சதவீதம் கொழுப்பு, நம் புனேக்காரருக்கு 21.2. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு, இதுதான் நம் நாட்டு உடம்பு வாகு. இதனால்தான் இந்தியர்களுக்குப் பி.எம்.ஐ. 23-லேயே எடை அதிகம், 25-லேயே பருமன் என்று வரம்பைக் கீழே இறக்கி வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு 25.2. ஆண்களுக்கு இடுப்பு 90 செ.மீ.க்குள், பெண்களுக்கு 80-க்குள் இருக்க வேண்டும். அளக்கச் சுலபமான இன்னொரு கணக்கு, இடுப்பு உயரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. உங்கள் உயரத்தில் பாதி 84. கைலி கட்டுகிற இடத்தில் அளந்தால்கூட நீங்கள் தாண்டிவிட்டீர்கள்.

ஆக, நேரடியாக ஒரு பதில் வேண்டும் என்றால், உங்கள் கொழுப்பு 24-க்கும் 28-க்கும் நடுவில் இருக்கும் என்று நினைக்கிறேன், அதில் தேவைக்கு மேற்பட்ட பங்கு வயிற்றுக்குள் இருக்கிறது. அதைத் தசமப் புள்ளி வரை கண்டுபிடிக்கச் செலவழிக்கிற பணத்தை வேறு பக்கம் திருப்புங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி, ரத்தக் கொழுப்பு, பிரஷர், இந்த நான்கும் இந்த மாதமே பாருங்கள். சர்க்கரையும் பிரஷரும் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்த்துவிடலாம். ரத்தக் கொழுப்பில் ஒரு வகையான டிரைகிளிசரைடு கூடுதலாக வந்தால் ஈரலுக்கு ஒரு ஸ்கேன் எடுக்கச் சொல்வேன். அப்பாவுக்கு 45-இல் வந்தது என்பதால் நீங்களும் 45-வரை காத்திருக்க வேண்டாம்.

வீட்டு மெஷினைத் தூக்கிப் போட வேண்டாம், அதற்கும் ஒரு வேலை இருக்கிறது. தராசு இரண்டு கிலோ கூட்டிக் காட்டினாலும், தினமும் அதே இரண்டு கிலோவைக் கூட்டிக் காட்டினால் ஏற்ற இறக்கம் தெரியும் இல்லையா, அந்த மாதிரி. கடலுக்குப் போகாத நாளாகப் பாருங்கள். ராத்திரி தூங்கி எழுந்து, பாத்ரூம் போய்வந்து, எதுவும் சாப்பிடாமல் குடிக்காமல், காலைக் கழுவித் துடைத்துவிட்டு ஏறுங்கள். வாரத்துக்கு ஒரு நாள் போதும். ஒரு நாள் எண்ணுக்கு மதிப்பு தராதீர்கள், நாலு வாரத்துச் சராசரியை முந்தின நாலு வாரத்தோடு ஒப்பிடுங்கள். கடலில் இருந்து வந்த கையோடு ஏறுவதை இனி விட்டுவிடுங்கள், அது எதையும் சொல்லாது. ஆனால் முதல் இடம் டேப்புக்குத்தான். டேப் இறங்கி மெஷின் சதவீதம் இறங்கவில்லை என்றால் டேப்பை நம்புங்கள். எடை இறங்கி டேப் இறங்கவில்லை என்றால் தசை கரைகிறதோ என்று சந்தேகப்படுங்கள்.

ஏப்ரல் 15-க்கு மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிடும். ஜூன் 14 வரை இரண்டு மாதம் படகு கரையில் நிற்கும், நம் பக்கம் பாதிப் பேருக்கு வயிறு போடுவது அப்போதுதான். வேலை நின்றுவிடும், சாப்பாடும் டீயும் வடையும் மட்டும் அதே அளவு தொடரும். நீங்கள் தடை தொடங்குகிற அன்றைக்குத் தொப்புள் நேருக்கு அளந்து சுவரில் எழுதி வையுங்கள். அந்த இரண்டு மாதமும் காலையில் முக்கால் மணி நேரம் வேர்க்கிற மாதிரி நடங்கள், சோற்றை ஒரு கரண்டி குறைத்து மீனையும் காயையும் கூட்டிக்கொள்ளுங்கள், வறுவலாக இல்லாமல் குழம்பாக. படகு திரும்ப இறங்குகிற அன்று காலையில் இன்னொரு தடவை அளந்து, இரண்டு அளவையும் சர்க்கரை ரிப்போர்ட்டையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள், மாத்திரை வேண்டுமா, இதே போதுமா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன். அம்மாவுக்குச் சாதாரண எடை மெஷின் வாங்கிவிட்டீர்களா என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.